ஸர் சி.வி. ராமனும் நான் சொல்லி வந்த கதையும்

நமது இதழில் நம்மவர்களில் பெயர் பெற்ற பெரியோர்களின் சரித்திரம் அவ்வப்போது வந்துகொண்டிருக்கிறது. ஸர் சி.வி. ராமனைப் பற்றி எழுத வேண்டும் என்பது என் நெடுநாளைய ஆசை. நான் திருச்சியில் பி.எஸ்ஸி. இயற்பியல் படித்தவன். மத்திய அரசு உத்தியோகம் கிடைத்து 1974-ல் கல்கத்தாவுக்கு வந்தேன். ஓய்வு பெற்ற பிறகும் இங்கேயே சால்ட் லேக்கில் தங்கிவிட்டேன். ராமனும் திருச்சியை அடுத்துப் பிறந்து சர்க்கார் உத்தியோகத்துக்காகக் கல்கத்தா வந்தவர்தான். ஒற்றுமை அத்துடன் சரி!

இப்போது எழுதத் தூண்டியவள் என் பேத்தி. ஏழாம் வகுப்பில் படிக்கிறாள். பிப்ரவரி 28-ஐ, ராமன் விளைவு கண்டுபிடிக்கப்பட்ட நாள் என்பதால், 1987 முதல் தேசிய அறிவியல் தினமாகக் கொண்டாடுகிறார்கள். அன்று பள்ளியில் அவள் ராமனைப் பற்றி மூன்று நிமிஷம் பேச வேண்டும். தாத்தாவுக்குக் கேட்க வேண்டுமா? உட்கார வைத்து முழு சரித்திரத்தையும் சொன்னேன். முடிவில், நாற்பது வருஷமாக எல்லோரிடமும் சொல்லி வந்த மாதிரியே, இவ்வளவு சாதித்த மனிதரை மதராஸி என்பதற்காக வங்காளிகள் இந்த ஊரை விட்டு விரட்டிவிட்டார்கள் என்றும் சொன்னேன். குழந்தை கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு, விரட்டினது திதாவின் மனுஷாளா என்று கேட்டாள்.

திதா என்றால் வங்காளியில் அம்மாவைப் பெற்ற பாட்டி. என் நாட்டுப்பெண் வங்காளி. கல்யாணம் 2011-ல் நடந்தது. நான் அப்போது சந்தோஷமாகச் சம்மதித்தேன் என்று எழுதினால் என் மனைவி இந்தக் கட்டுரையைக் கிழித்துப் போட்டுவிடுவாள். ஆனால் சம்பந்தியம்மாள்தான் பேத்தியைப் பள்ளியிலிருந்து அழைத்து வந்து, சாதம் ஊட்டி, பெற்றவர்கள் இருவரும் ஐந்தாம் செக்டாரில் ஆபீஸ் முடித்து வரும் வரை பார்த்துக்கொண்டவர். நான் பதில் சொல்லாமல் பேப்பரைப் பிரித்துக்கொண்டேன்.

அதற்குப் பிறகுதான் ராமனைப் பற்றி மறுபடி உட்கார்ந்து படித்தேன். எங்கள் பிளாக்கில் ஓய்வு பெற்ற இயற்பியல் பேராசிரியர் ஒருவர் இருக்கிறார், வங்காளி. காலையில் சென்ட்ரல் பார்க்கில் சேர்ந்து நடப்போம். அவரிடமும் ஒரு ராமன் கதை இருந்தது. அதைப் பின்னால் சொல்கிறேன்.

ராமன் 1888 நவம்பர் 7-ந் தேதி திருவானைக்காவலில் பிறந்தார். தகப்பனார் சந்திரசேகர ஐயர், தாயார் பார்வதி அம்மாள். தகப்பனாருக்கு விசாகப்பட்டினத்துக் கல்லூரியில் கணிதமும் பௌதிகமும் கற்பிக்கும் வேலை கிடைத்ததால் பையன் வளர்ந்தது தெலுங்கு தேசத்தில். பதினொரு வயதில் மெட்ரிகுலேஷன். சென்னை பிரசிடென்ஸி கல்லூரியில் 1904-ல் பி.ஏ., தங்கப் பதக்கத்துடன். 1907-ல் எம்.ஏ. அதற்கு முன்பே, 1906 நவம்பரில், லண்டன் பிலஸாபிகல் மேகஸினில் அவருடைய முதல் ஆராய்ச்சிக் கட்டுரை வெளிவந்துவிட்டது. செவ்வகத் துளை வழியாகச் செல்லும் ஒளியின் விளிம்பு விளைவு பற்றியது. வழிகாட்டி யாரும் இல்லாமல் ஒரு மாணவன் தானே எழுதி அனுப்பியது.

அந்தக் காலத்தில் படித்த இந்தியனுக்கு விஞ்ஞானத்தில் பிழைப்பு கிடையாது. ஆகவே நிதி இலாகாப் பரீட்சை எழுதி முதலாவதாகத் தேறினார். 1907 மே மாதம் லோகசுந்தரி அம்மாளுடன் விவாஹம், வரதட்சணை இல்லாமல். சில வாரங்களில் உதவி அக்கவுண்டன்ட் ஜெனரலாகக் கல்கத்தாவில் வந்து இறங்கினார்கள். அவருக்குப் பத்தொன்பது வயதுகூட முடியவில்லை.

இனி வருவது எல்லோருக்கும் தெரிந்த காட்சி. டிராமில் போகும்போது பவுபஜார் தெரு 210-ம் எண் கட்டடத்தில் இந்திய விஞ்ஞான வளர்ச்சிச் சங்கம் என்ற பலகை கண்ணில் படுகிறது. இறங்கிப் போய்க் கதவைத் தட்டுகிறார். நான் இந்த இடத்தை எப்போதும் ஒரே வாக்கியத்தில் சொல்லி முடித்துவிடுவேன். கதவைத் தட்டினார், ஆராய்ச்சி தொடங்கியது என்று. கதவைத் திறந்தது யார், அந்தக் கதவு அங்கே எப்படி வந்தது என்று சொன்னதே இல்லை.

அந்தச் சங்கத்தை 1876-ல் ஆரம்பித்தவர் டாக்டர் மஹேந்திரலால் ஸர்க்கார். எம்.டி. பட்டம் பெற்ற அலோபதி வைத்தியர். மனசாட்சிக்குச் சரியென்று பட்டதால் ஹோமியோபதிக்கு மாறி, சக வைத்தியர்களின் பகையைச் சம்பாதித்துக்கொண்டவர். ராமகிருஷ்ண பரமஹம்ஸருக்குக் கடைசிக் காலத்தில் வைத்தியம் பார்த்தவரும் இவரே. இந்தியர்கள் தாங்களே நடத்தும், தாங்களே ஆராய்ச்சி செய்யும் கூடம் ஒன்று வேண்டும் என்று வீடு வீடாகப் போய்ப் பணம் திரட்டினார். ஆராய்ச்சிக்கூடம் கட்டப் பெருந்தொகை கொடுத்தது விஜயநகரம் சமஸ்தானம். ராமன் வளர்ந்த விசாகப்பட்டினத்துக்குப் பக்கத்து ஊர்! ஆகவே அது வங்காளியின் தனிச்சொத்து என்று வங்காளியும் சொல்ல முடியாது. கட்டடம் வந்தது, கருவிகள் வந்தன, பிரசங்கங்கள் நடந்தன. ஆராய்ச்சி செய்ய மட்டும் ஆள் வரவில்லை. அந்த மனக்குறையுடனேயே மஹேந்திரலால் 1904-ல் காலமானார். மூன்று வருஷம் கழித்து ராமன் வந்து கதவைத் தட்டினார்.

கதவைத் திறந்தவர் ஆசுதோஷ் தேய். ஆசு பாபு. அங்கே உதவியாளர். உள்ளே மஹேந்திரலாலின் மகன் அம்ருதலால் ஸர்க்கார் கௌரவச் செயலராக இருந்தார். முன்பின் தெரியாத, வங்காளி பேசத் தெரியாத, தலைப்பாகை கட்டிய மதராஸிப் பையன் ஒருவனிடம் அந்தக் கூடத்தை முழுக்க ஒப்படைத்தார்கள். சிபாரிசுக் கடிதம் கேட்டதாக எங்கும் இல்லை. அரசாங்க அலுவலகத்தில் முப்பத்தைந்து வருஷம் ஃபைல் பார்த்தவன் என்ற முறையில் இது என்னை மிகவும் யோசிக்க வைத்தது. ஒரு வெளியூர்ப் பையனுக்கு நாங்கள் ஒரு மேஜை கொடுப்பதற்குள் மூன்று கையெழுத்து கேட்டிருப்போம்.

அது முதல் பத்து வருஷம் அவர் வாழ்ந்த முறையை நினைத்தால் பிரமிப்பாக இருக்கிறது. விடிவதற்கு முன் சங்கம், பத்து மணிக்குக் கணக்கு இலாகா, சாயங்காலம் மறுபடி சங்கம், இரவு பத்து மணிக்கு வீடு. நடுவில் ரங்கூனுக்கும் நாகபுரிக்கும் மாற்றல். 1911-ல் திரும்பக் கல்கத்தா. ஆசு பாபு இருபத்தைந்து வருஷம் அவர் கூடவே இருந்தார். கல்லூரி வாசலை மிதிக்காத அந்த மனிதரின் பெயர் ராமனுடன் சேர்ந்து ஆராய்ச்சிக் கட்டுரைகளில் அச்சாகியிருக்கிறது.

சங்கீத விஷயத்தை நம் அன்பர்கள் விரும்பிச் சொல்வார்கள். மிருதங்கத்தின் நாதம் ஏன் மற்றக் கொட்டு வாத்தியங்களைப் போல் இரைச்சலாக இல்லாமல் சுருதி சேர்கிறது என்பதை விஞ்ஞான ரீதியாக விளக்கியவர் ராமன். தோலின் நடுவில் இடும் கருஞ்சாந்தின் கனம் மேற்சுரங்களை ஒழுங்கு விகிதத்தில் கொண்டுவந்து நிறுத்துகிறது என்று காட்டினார். 1920-ல் நேச்சரில் வந்த அந்தக் கடிதத்தில் மிருதங்கம் மட்டும் இல்லை, தபலாவும் உண்டு. கூட எழுதியவர் சிவகாளி குமார். அதற்கும் முன்னால், 1909-ல், அவர் எடுத்துக்கொண்டது நம் வீணையை அல்ல. வங்காளத்து பாவுல் பாடகர்கள் கையில் வைத்துக்கொண்டு பாடும் ஒற்றைத் தந்தி ஏக்தாராவை! எத்தனை சபா மேடைகளில் ராமனும் மிருதங்கமும் என்று பேசியிருப்பேன். ஏக்தாராவை ஒரு தடவையும் சொன்னதில்லை. மறைக்கவில்லை. தேவைப்படவில்லை, அவ்வளவுதான்.

கல்கத்தாப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தர் ஸர் ஆசுதோஷ் முகர்ஜி. வங்காளத்துப் புலி என்று பெயர். ஸர் தாரகநாத் பாலித் என்ற வக்கீல் கொடுத்த நன்கொடையில் பௌதிகப் பேராசிரியர் பதவி ஒன்று ஏற்பட்டது. அதற்கு ஆசுதோஷ் முகர்ஜி தேடிப் பிடித்தது வங்காளியை அல்ல. கணக்கு இலாகாவில் இருந்த ராமனை. பதவிக்கு வருபவர் வெளிநாட்டில் பயிற்சி பெற வேண்டும் என்று நன்கொடைப் பத்திரம் சொன்னது. ராமன் அதற்காக வெளிநாடு போக மறுத்தார். அவருக்காக நிபந்தனையைத் தளர்த்தினார்கள். 1917-ல் அரசாங்க உத்தியோகத்தை உதறிவிட்டுப் பேராசிரியரானார். சம்பளம் ஏறக்குறையப் பாதியாகக் குறைந்தது. இந்தப் பாதி சம்பள விஷயத்தை நாம் சொல்கிறோம். நிபந்தனையைத் தளர்த்தியவரைச் சொல்வதில்லை. 1919-ல் அம்ருதலால் மறைந்ததும் சங்கத்தின் கௌரவச் செயலராகவும் ராமனே ஆனார்.

1921-ல் முதல் கடல் பயணம். திரும்பி வரும்போது நார்க்குண்டா கப்பலில் மத்தியதரைக் கடலின் நீலத்தைப் பார்த்து, இது வானத்தின் பிரதிபிம்பம் மட்டும்தானா என்று சந்தேகம். தண்ணீரின் மூலக்கூறுகளே ஒளியைச் சிதறடிக்கின்றன என்று கப்பலிலேயே சோதித்து, பம்பாய்த் துறைமுகத்திலிருந்து நேச்சருக்குக் கடிதம் போட்டார். பிறகு ஏழு வருஷம் ஒளிச்சிதறலே வேலை. 1923-லேயே கே.ஆர். ராமநாதன் தண்ணீரில் ஒரு மங்கலான வேறு நிற ஒளியைக் கவனித்தார். அசுத்தத்தால் வருவது என்று முதலில் நினைத்தார்கள். சுத்தம் செய்தாலும் அது போகவில்லை. 1928 பிப்ரவரியில் கே.எஸ். கிருஷ்ணன் பக்கத்தில் இருக்க, ஒன்றன்பின் ஒன்றாக அறுபது வகைத் திரவங்களைப் பார்த்தார்கள். சூரிய ஒளியை ஊதா நிற வடிகட்டி வழியாகத் திரவத்துக்குள் செலுத்த வேண்டியது. அந்த நிறத்தை அடியோடு தடுக்கிற பச்சை வடிகட்டி வழியாகப் பார்க்க வேண்டியது. இருட்டாக இருக்க வேண்டும். இருட்டாக இல்லை. மூலக்கூறு ஒளியிடமிருந்து கொஞ்சம் சக்தியை எடுத்துக்கொள்கிறது, அல்லது கொடுக்கிறது. அதனால் நிறம் மாறுகிறது. எடுத்துக்கொண்ட அளவிலிருந்து அது எந்த மூலக்கூறு என்று சொல்லிவிடலாம். இன்றைக்கு மருந்துத் தொழிற்சாலையிலிருந்து வைர வியாபாரம் வரை இது பயன்படுகிறது.

இதே மாதங்களில் மாஸ்கோவில் லாண்ட்ஸ்பெர்க், மாண்டெல்ஷ்டாம் இருவரும் குவார்ட்ஸ் கல்லில் இதையே தனியாகக் கண்டார்கள். 1930-ம் வருஷ நோபல் பரிசு ராமனுக்கு மட்டும் கிடைத்தது. ரஷ்யர்கள் இன்றும் தங்கள் பாடப் புத்தகங்களில் ராமன் விளைவு என்று எழுதுவதில்லை. கூட்டுச் சிதறல் என்ற பொருளில் வேறு பெயர் வைத்திருக்கிறார்கள். அவரவர் கதைக்கு அவரவர் பெயர்.

நமக்குள்ளேயே ஒன்று உண்டு. கிருஷ்ணன் வத்திராயிருப்பு ஐயங்கார். பரிசில் பாதி அவருக்குச் சேர வேண்டியது, ஐயர் தட்டிக்கொண்டு போய்விட்டார் என்று லேக் மார்க்கெட் காபிக்கடை வாசலில் நான் கேட்ட வாதங்களுக்கு அளவில்லை. வங்காளி எதிரில் நிற்கும்போது ராமனும் கிருஷ்ணனும் நம்மவர்கள். வங்காளி அந்தண்டை போனதும் ஒருவர் வடகலைக்கும் தென்கலைக்கும் பொது எதிரி!

ஸ்டாக்ஹோம் கதைகளும் அப்படியே. பரிசு அறிவிக்கும் முன்பே கப்பல் டிக்கெட் வாங்கியது, விருந்தில் மதுவைத் தொடாமல் அதை வைத்தே சிலேடையாகப் பேசியது. இவற்றை நம் பிள்ளைகளுக்கு ஆசாரத்தின் வெற்றியாகச் சொல்கிறோம். பிரிட்டிஷ் கொடியின் கீழே உட்கார்ந்திருந்தபோது தன் தேசத்துக்கு ஒரு கொடி இல்லையே என்று அவர் கண் கலங்கியதை அவ்வளவாகச் சொல்வதில்லை. அவர் சடங்கு சம்பிரதாயங்களில் பெரிய பற்றில்லாதவர் என்பதைச் சொல்வதே இல்லை.

இனி அந்த விரட்டிய கதை.

எனக்கு இது கிடைத்தது 1986-ல். பதவி உயர்வுப் பட்டியல் வந்தது. என் பெயர் இல்லை. எனக்குப் பின்னால் சேர்ந்த ஒரு வங்காளியின் பெயர் இருந்தது. அன்று சாயங்காலம் நம்மவர் ஒருவர், வயதில் பெரியவர், என்னை உட்கார வைத்துக் காபி கொடுத்து, ராமனுக்கே இந்த ஊரில் இதுதான் கதி, நீ எம்மாத்திரம் என்று ஆறுதல் சொன்னார். மருந்து மாதிரி வேலை செய்தது. அந்த க்ஷணம் முதல் நானும் ராமனும் ஒரு கட்சி. அதற்குப் பிறகு அலுவலகத்தில் எது நடந்தாலும், ஒரு மேலதிகாரி காலையில் வணக்கத்துக்குப் பதில் சொல்லாவிட்டால்கூட, எனக்குக் காரணம் தயாராக இருந்தது. என் பிள்ளையும் அதைக் கேட்டே வளர்ந்தான். அந்த வங்காளி நண்பர் இலாகாப் பரீட்சையின் இரண்டாம் பாகத்தை எனக்கு ஒரு வருஷம் முன்பே எழுதித் தேறியிருந்தார். நான் அந்த வருஷம் தங்கை கல்யாணத்துக்காக ஊருக்குப் போய்விட்டதால் எழுதவில்லை. இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. இப்போதுதான் எழுதுகிறேன்.

பேராசிரியரிடம் இந்தக் கதையைச் சொன்னபோது அவர் நின்றுவிட்டார். அவர் சிறு வயதில் கேட்டது இது: ஆசுதோஷ் முகர்ஜி கொடுத்த பதவியில் உட்கார்ந்துகொண்டு ராமன் தென்னாட்டுப் பையன்களாகச் சேர்த்தார், வங்காளி மாணவர்களை ஒதுக்கினார், பெங்களூருக்குப் போன பிறகும் மஹேந்திரலாலின் சங்கத்தைப் பையில் போட்டுக்கொண்டு போகப் பார்த்தார், நல்லவேளையாக வங்காளம் விழித்துக்கொண்டது. அன்று இருவரும் மீதி தூரத்தைப் பேசாமல் நடந்தோம். நாலு நாள் தனித்தனியாகவே நடந்தோம் என்பதையும் மறைப்பானேன்.

பிறகு தேதிகளை வரிசையாக எழுதிப் பார்த்தோம். விஞ்ஞானம் படித்தவர்களுக்கு அதுவாவது தெரிய வேண்டும் அல்லவா? பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தின் இயக்குநர் பதவிக்கு ராமன் 1933-ல் போனார். அந்தப் பதவியில் அமர்ந்த முதல் இந்தியர். கல்கத்தாச் சங்கத்தில் தகராறு முற்றி வாக்கெடுப்பு நடந்தது 1934-ல். போனது முன்னால், தோற்றது பின்னால். காரியம் நடந்த பிறகு காரணம் பிறக்காது. நாற்பது வருஷம் நான் இதைக் கவனிக்கவில்லை.

தகராறு நிஜம்தான். பெங்களூரில் இருந்துகொண்டே சங்கத்தின் நிர்வாகத்தில் தன் பிடியை விடாதிருக்க ராமன் விரும்பினார். உறுப்பினர் விதிகளைப் பற்றிச் சண்டை வந்தது. எதிர்த்தரப்பார் புதிய உறுப்பினர்களைச் சேர்த்துக்கொண்டு வந்து ஓட்டில் தோற்கடித்தார்கள். முன்னின்றவர்களில் ஒருவர் சியாமப்பிரசாத் முகர்ஜி. ராமனைத் தேடிக் கொண்டுவந்த ஆசுதோஷ் முகர்ஜியின் மகன்! அதே வருஷம் துணைவேந்தரும் ஆனார். மாகாணப் பேச்சும் அதில் கலந்துதான் இருந்தது. பேராசிரியரும் அதை ஒப்புக்கொண்டார்.

ஆனால் அவர் கதையிலும் ஓட்டை. ராமனிடம் வேலை செய்தவர்களில் சிசிர் குமார் மித்ரா, சுதாம்சு குமார் பானர்ஜி, விதுபூஷண் ராய், கேதாரேஸ்வர் பானர்ஜி, சுகுமார் ஸர்க்கார் எல்லோரும் வங்காளிகள். வானொலி அலைகள், வானிலை, படிகவியல் என்று ஒவ்வொரு துறையில் பெயர் பெற்றவர்கள். என் கதையில் இன்னும் பெரிய ஓட்டை. சங்கத்தில் மஹேந்திரலால் ஸர்க்கார் பெயரில் ஏற்பட்ட பேராசிரியர் பதவியில் 1933-ல் அமர்ந்தது யார்? டாக்காவிலிருந்து வந்த நம் கிருஷ்ணன். ராமன் தோற்ற பிறகும் அவர் அங்கேயே இருந்தார். 1942-ல் அலகாபாத்துக்குத் தானாகப் போகும் வரை யாரும் அவரை அசைக்கவில்லை. மதராஸி என்பதற்காக விரட்டியவர்கள் இன்னொரு மதராஸியை எட்டு வருஷம் ஏன் வைத்துக்கொண்டிருந்தார்கள் என்ற கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை.

பெங்களூரிலும் ராமனுக்கு நிம்மதி இல்லை. கழகத்தின் ஆட்சிக் குழுவுடன் மோதல், 1936-ல் விசாரணைக் குழு, 1937-ல் இயக்குநர் பதவியை விட்டார். 1948 வரை பேராசிரியராக மட்டும் இருந்தார். அங்கே எதிர்த்தவர்கள் வங்காளிகள் இல்லை. மனிதர் முன்கோபி, யாருக்கும் வளையாதவர், தாட்சண்யம் அறியாதவர். அந்தக் குணம்தான் வெளிநாட்டுப் பயிற்சிக்குப் போக மாட்டேன் என்று சொல்ல வைத்தது. அதே குணம்தான் இரண்டு ஊரிலும் சண்டை மூட்டியது. இந்தியாவுக்கு ஒரு விஞ்ஞான அகாதமி வேண்டும் என்று எல்லோரும் சேர்ந்து கமிட்டி போட்டபோது, 1934-ல் அதிலிருந்து விலகி பெங்களூரில் தனி அகாதமியைத் தொடங்கினார். அது இன்றும் நல்ல நிலையில் நடக்கிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பேத்திக்குச் சொல்லும் சரித்திரம் ஆயிற்றே. 1933-ல் கமலா பாகவத் என்ற பெண் பெங்களூரில் ஆராய்ச்சிக்கு விண்ணப்பித்தார். பம்பாய்ப் பல்கலைக்கழகத்தில் தேறியவர். பெண் என்பதற்காக ராமன் மறுத்தார். கமலா விடவில்லை. ஒரு வருஷம் சோதனையாக, நிபந்தனைகளோடு சேர்த்துக்கொண்டார். அந்தப் பெண் பின்னால் கேம்பிரிட்ஜில் டாக்டர் பட்டம் வாங்கினார், அந்த அவமானத்தைக் கடைசி வரை மறக்கவில்லை. பிறகு ராமனிடமே அன்னா மணி முதலான பெண்கள் ஆராய்ச்சி செய்தார்கள். கதவு திறந்து உள்ளே விடப்பட்ட ஒருவர், இன்னொருவர் தட்டும்போது தயங்கினார் என்பது எனக்கு வருத்தமாகவே இருந்தது. சொன்னபோது பேத்தி ராமன் மேல் கோபப்பட்டாள். தாத்தாவாகப்பட்ட நான் சமாதானம் சொல்லவில்லை.

நாங்கள் காலையில் நடக்கும் வழிக்குக் கொஞ்சம் தள்ளி, ஏ.எஃப். பிளாக்கில் சாஹா அணுக்கரு இயற்பியல் நிறுவனம் இருக்கிறது. மேகநாத் சாஹா என் கதையில் வில்லன். ராமனுக்கு எதிர் அணியில் நின்றவர், பின்னாளில் அந்தச் சங்கத்துக்கே தலைவராகவும் இயக்குநராகவும் இருந்து அதை ஜாதவ்பூருக்கு மாற்றியவர். வங்காளி ஆதிக்கம் என்றால் என் மனதில் அவர் முகம்தான் வரும். அவர் டாக்கா ஜில்லாவில் ஒரு கிராமத்துப் பெட்டிக்கடைக்காரரின் மகன். கல்கத்தாவில் ஈடன் ஹிந்து ஹாஸ்டலில் படித்தபோது, ஜாதியைக் காரணம் காட்டி மேல்ஜாதி வங்காளி மாணவர்கள் அவரைத் தங்களோடு உட்கார்ந்து சாப்பிட விடவில்லை. சரஸ்வதி பூஜையிலும் சேர்க்கவில்லை. சூரியனும் நட்சத்திரங்களும் என்ன வெப்பத்தில் எப்படி இருக்கின்றன என்பதைக் கணக்கிட உலகத்துக்கு வழி சொன்ன அயனியாக்கச் சமன்பாட்டை 1920-ல் தந்தவர் அவர்தான். வங்காளிகள் என்று நான் ஒரே சொல்லில் கட்டி வைத்த மூட்டைக்குள் அந்தப் பந்தியும் இருந்தது, பந்தியிலிருந்து எழுப்பப்பட்டவரும் இருந்தார். பந்தி விஷயத்தில் நம் ஊர்க் கல்யாண வீடுகளும் ஹோட்டல்களும் அந்தக் காலத்தில் எப்படி இருந்தன என்பது நமது வாசகர்களுக்குத் தெரியும். நாம் ஏன் சென்னையை விட்டு வெளியூர்களுக்கு வந்தோம் என்று நாம் சொல்லும் கதையையும் இப்படித் தேதி போட்டுப் பார்க்கலாம்தான். அதற்கு இன்னொரு கட்டுரை வேண்டும், கொஞ்சம் தைரியமும் வேண்டும்.

ராமன் தம் கடைசி இருபத்திரண்டு வருஷங்களைப் பெங்களூரில் தாமே கட்டிய ஆராய்ச்சி நிலையத்தில் கழித்தார். 1954-ல் பாரத ரத்னா. ரோஜாத் தோட்டம், வைரங்கள், பூக்களின் நிறம், கண் பார்வை என்று கடைசி வரை ஒளியை விடவில்லை. 1970 நவம்பர் 21-ந் தேதி காலமானார். அவர் விருப்பப்படி நிலையத்தின் வளாகத்திலேயே தகனம் நடந்தது.

பிப்ரவரி மூன்றாவது ஞாயிறு, பேத்தியும் நானும் பேராசிரியரும் சென்ட்ரல் பார்க் ஸ்டேஷனில் மெட்ரோ ஏறி சியால்தாவில் இறங்கி, பவுபஜாருக்கு நடந்தோம். தெருவுக்கு இப்போது விபின் விஹாரி கங்குலி தெரு என்று பெயர். 210-ம் எண்ணில் கோயங்கா வணிகவியல் கல்லூரி இருக்கிறது. ஞாயிறு ஆனபடியால் கதவு சாத்தியிருந்தது. அவள் கதவின் எதிரில் நின்று, தட்டினால் யாராவது திறப்பார்களா என்று என்னிடம் தமிழில் கேட்டாள். அதையே பேராசிரியரிடம் வங்காளியில் கேட்டாள். இருவரும் ஒரே பதிலைத்தான் சொன்னோம், இன்று லீவு என்று.

பள்ளியில் அவளுக்குக் கொடுத்தது மூன்று நிமிஷம். அதில் பாதிக்கு மேல் ஆசு பாபுவைப் பற்றிப் பேசிவிட்டு, நோபல் பரிசுக்கு நேரம் போதாமல் மணி அடித்துவிட்டார்களாம். பரிசு கிடைக்கவில்லை. சம்பந்தியம்மாள் அன்று மாலை பேத்திக்கு நோலேன் குட் சந்தேஷ் வாங்கி வந்தார். எனக்கும் இரண்டு கொடுத்தார், சர்க்கரை இருக்கிறது என்று தெரிந்தும்.